எலி வயிற்றில் வெளிச்சம்

எலியின் வயிற்றில் வெளிச்சத்தைப் பார்த்ததும் நான் செய்த முதல் காரியம், அக்காவுக்குப் போன் போட்டது. எனக்கு எப்போதும் வாய்தான் முந்திக்கொள்ளும்.

எங்கள் ஆய்வகத்தில் ஒரு சாயம் செய்திருந்தோம். உடம்புக்குள் போனால் புற்றுநோய்க் கட்டியைத் தேடிப் பிடித்து ஒட்டிக்கொள்ளும். அடர்சிவப்பு ஒளியைப் பாய்ச்சினால், கண்ணுக்குத் தெரியாமல் கேமராவில் மட்டும் மின்னும். ஒளியைக் கூட்டினால் ஒட்டிய இடத்தையே சுட்டுப் பொசுக்கும். தொடையில் கட்டி இருந்த எலிக்கு அதை ஏற்றினோம். தொடை மின்னியது. வயிறு அதைவிடப் பளிச்சென்று மின்னியது. வயிற்றுக்குப் பரவியிருந்த நோயைச் சாயம் காட்டிக்கொடுத்துவிட்டது என்று குதித்தோம்.

அக்காவுக்கும் வயிற்றில்தான். கட்டியைச் சுருக்கி அறுவை செய்யலாம் என்று மருந்து ஏற்றிக்கொண்டிருந்தார்கள். முதல் தடவையிலேயே முடி கொட்டி, வாந்தியில் துவண்டுபோனாள். என் போன் வந்ததும், “இனிமே அந்த விஷம் வேணாம். உன் சாயம் வரட்டும், காத்திருக்கேன்” என்று சொல்லிவிட்டாள். மனிதருக்கு வர வருஷக்கணக்காகும் என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். அவள் காதில் ஏறவில்லை. அவள் வீட்டுக்காரர் என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டார்.

இன்று, கட்டியும் இல்லாத, சாயமும் ஏற்றாத ஓர் எலியைக் கேமராவின் கீழே வைத்தேன். முதலிலேயே செய்திருக்க வேண்டிய வேலை. அதன் வயிறும் அப்படியே மின்னியது. கூண்டில் கிடந்த தீவன உருண்டையை எடுத்து வைத்தேன். அதுவும் மின்னியது. தீவனத்தில் காய்ந்த புல்லை அரைத்துக் கலந்திருக்கிறார்கள். இலையின் பச்சையம் அந்த ஒளியில் தானாகவே மின்னும். முதல் வருஷத்திலேயே படித்த சங்கதி. என் தலையில் நானே குட்டிக்கொண்டேன்.

நேராக அக்காவின் சலவைக் கடைக்குப் போனேன். தலையில் துணி கட்டிக்கொண்டு, உட்கார்ந்தபடி ஒரு சட்டைக் காலரில் கறை எடுத்துக்கொண்டிருந்தாள்.

“அக்கா, எலி வயித்துல மின்னினது நோய் இல்ல. அது தின்ன புல்லு.”

“என்னடி சொல்ற? புல்லா?”

“தீனியில கலந்திருந்த புல்லு.”

“இத்தனை படிச்சவங்க சேந்து புல்லைக் கண்டுபிடிச்சீங்களா? சாயம் வெளுத்துடுச்சு போ!”

கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து எவ்வளவோ நாளாகியிருந்தது. அவமானத்திலும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

சட்டென்று சிரிப்பு நின்றது. சட்டையைக் கீழே வைத்தாள்.

“ஏண்டி, அப்போ என் ஸ்கேன்ல தெரிஞ்சதும் நான் சாப்பிட்டது ஏதாவதா இருக்கக் கூடாதா?”

இருக்கலாம் என்று சொல்ல நாக்கு துடித்தது. அவளுக்காக எந்தப் பொய்யையும் சொல்லியிருப்பேன், இதைத் தவிர.

“இல்லக்கா. உன்னோடத ஊசி விட்டு எடுத்து டெஸ்ட் பண்ணியாச்சு. அது நோய்தான்.”

அக்கா மறுபடி சட்டையை எடுத்தாள். கறை போன பிறகும் காலரைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

“சரி. நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு நீயும் வா,” என்றாள். “வாந்தி வந்தா உன் மேலதான் எடுப்பேன்.”