அணைத்தால் மிஞ்சுவது

பல்லி என்று அவளுக்குப் பெயர் வைத்தது சித்தப்பாதான். சுவரோடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நாள் முழுக்க வாயைத் திறக்கமாட்டாள். ஏதாவது கேட்டால் ‘ம்’ என்று ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான். சாவிக்கடைக்கு மேலே ஒற்றை அறையில் வெப்சைட் கட்டிக்கொடுப்பது சித்தப்பாவின் தொழில். கிளையன்டிடம் பேசுவது அவர், கட்டுவது இவள். கீழே சாவி ராவும் மெஷின் கத்தினால் மேலே மேசை அதிரும். அவள் தண்ணீர் டம்ளரை எடுத்துக் கையில் வைத்துக்கொள்வாள்.

அன்று காலை அறையில் நாற்காலி போதவில்லை. சித்தப்பாவின் மருமகன் வந்திருந்தார். அவளுக்கு அத்தான் முறை. இனி எல்லா வேலைக்கும் ஒரே பேஜ் பில்டர் என்று சித்தப்பா தீர்மானித்திருந்தார். எழுத்தையும் படத்தையும் இழுத்துப் போட்டுப் பக்கம் கட்டும் கருவி அது. எதை எடுப்பது என்று பல்லி மூன்று வாரமாக நாலு கருவிகளைக் குடைந்துகொண்டிருந்தாள். அத்தான் ஒரே நாளில் ஐந்தாவதைக் கொண்டுவந்துவிட்டார்.

“மாப்பிள்ளை சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்றார் சித்தப்பா.

மாப்பிள்ளை பேச்சுக்கு அந்த வீட்டில் மறுபேச்சு கிடையாது. அவர் சொல்லி வாங்கி மாட்டிய மின்விசிறி இரண்டு வருஷமாகக் காற்றைக் கூரைக்குத்தான் அனுப்பிக்கொண்டிருந்தது. ஒருவரும் அதைப் பற்றி மூச்சுவிட்டதில்லை.

அத்தான் கட்டிய பக்கத்தைப் பார்க்க, நாய் பூனைகளுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டரம்மா வந்து உட்கார்ந்திருந்தார். மணிக்கட்டில் புதுசாகப் பூனை கீறிய கோடுகள். திரையில் ஒரு நாய் துள்ளிக் குதித்தது, எழுத்துகள் பறந்துவந்து உட்கார்ந்தன.

“எப்படிங்க?” என்றார் அத்தான்.

“நாய் நல்லா இருக்கு. ஒரு நாய் எலி மருந்தைத் தின்னுடுச்சுன்னு வைங்க. அவங்க என் நம்பரை எங்க தேடுவாங்க?”

“இதோ, நாய் குதிச்சு முடிச்சதும் வரும்.”

பல்லிக்கு நினைவில் வந்தது போன வருஷக் கிளையன்டான ஒரு மருத்துவச்சி. அவருடைய பக்கத்தையும் இதே மாதிரி ஒரு பளபளப்பான கருவியில்தான் கட்டினார்கள். கட்டச் சொன்னது சித்தப்பா, கட்டியது அவள். ஒரு அப்டேட் வந்த காலையில் கருவி செத்துப்போனது. பக்கத்திலிருந்த எல்லாமும் அதோடு போயிற்று. மிஞ்சியது அடியில் அவள் கையால் எழுதிவைத்த ஒரே வரி: இந்தத் தளத்தை அமைத்தவர்கள் என்று, இந்த ஆபீஸ் நம்பர். இரண்டு நாள் முழுக்கப் பிரசவ வலிக்காரர்கள் இந்த அறைக்கு போன் செய்தார்கள். சித்தப்பா வெளியூர் போயிருந்தார். பேசவே கூசும் அவள், மருத்துவச்சியின் நம்பரை மனப்பாடமாக ஒப்பித்துக்கொண்டே இருந்தாள். ஒருத்தர் அழுதுகொண்டே, “மெதுவாச் சொல்லும்மா, கை நடுங்குது” என்றார்.

அதற்குப் பிறகுதான் அவளுக்கு அந்தப் பழக்கம் வந்தது. எந்தக் கருவியானாலும் முதலில் ஒரு பக்கம் கட்டுவாள். பிறகு கருவியை அணைத்துவிட்டு, என்ன மிஞ்சுகிறது என்று பார்ப்பாள்.

“அப்ப இதையே வாங்கிடலாம். இவ நாளைக்கே ஆரம்பிச்சுடுவா. என்ன பல்லி?” என்றார் சித்தப்பா.

“மாட்டேன்.”

சித்தப்பா நாற்காலியோடு அவள் பக்கம் திரும்பினார்.

“என்னது?”

“முதல்ல இதை அணைச்சுப் பாக்கணும், சித்தப்பா.”

அத்தான் சிரித்தார். “அட, பல்லி பேசுது! ஏம்மா, ஓடுற வண்டியில யாராவது சாவியைப் பிடுங்குவாங்களா?”

“அதுவா நின்னா என்ன ஆகும்னு தெரியணும் அத்தான். நின்னா போன் எனக்குத்தான் வருது. உங்களுக்கு வரல.”

“ஏய், யார்கிட்ட பேசுறேன்னு தெரியுதா?” சித்தப்பா எழுந்தேவிட்டார்.

“தெரியுது.” அவள் மவுசைப் பிடித்து, கருவியை அணைத்து, பக்கத்தை மறுபடி திறந்தாள்.

நாய் இல்லை. சதுர அடைப்புக்குறிகளும், அர்த்தமில்லாத எண்களும் தரையில் கொட்டிய ஆணி மாதிரி சிதறிக் கிடந்தன. டாக்டரம்மா மூக்குக் கண்ணாடியை மேலே ஏற்றிக்கொண்டு பார்த்தார். “என் நம்பர் எங்க?”

பல்லி இன்னொரு பக்கத்தைத் திறந்தாள். நாலு கருவிகளில் ஒன்றில், இதே டாக்டரம்மாவுக்காக அவள் கட்டிப் பார்த்தது. அதையும் அணைத்தாள். நிறம் போயிற்று. அருகருகே இருந்தவை ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கி நின்றன. ஆனால் பெயர் இருந்தது, நேரம் இருந்தது, நம்பர் இருந்தது.

“துவைச்சுக் காயப்போட்ட மாதிரி இருக்கு” என்றார் அத்தான்.

“ஆமா. ஆனா கிழியல.”

டாக்டரம்மா முகவரியைக் கேட்டுத் தன் போனில் அதைத் திறந்தார். நம்பரைத் தொட்டார். மறுமுனையில் அவருடைய கம்பவுண்டர் குரல், பின்னால் ஒரு நாயின் ஊளையோடு கேட்டது. “ஒண்ணுமில்ல, சும்மா பாத்தேன்” என்று வைத்தார். “எனக்கு இது போதும். நாயெல்லாம் என்கிட்ட நிறையவே இருக்கு.”

அவர் படியிறங்கியதும் அத்தானும் சொல்லாமல் கொள்ளாமல் இறங்கிப் போனார். சித்தப்பாவின் முகம் வெந்துபோயிருந்தது.

“மாப்பிள்ளை மூஞ்சில கரியப் பூசிட்ட. உங்க அக்காவுக்கு நான் என்ன பதில் சொல்றது?”

“நம்பர் காணாமப் போச்சுன்னு சொல்லுங்க.”

“வாய் ரொம்ப நீளுது. வீட்டுக்குக் கிளம்பு. அவர் சொன்னதுல வேலை செய்ய நான் வேற ஆள் பாத்துக்கறேன்.”

“பாருங்க. அந்த ஆளையும் ஒரு தடவை அணைச்சுப் பாக்கச் சொல்லுங்க. போன் வந்தா எடுக்கவும் சொல்லுங்க.”

அவள் கிளம்பவில்லை. நாற்காலியை மேசைக்கு இன்னும் நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு, டாக்டரம்மாவின் தளத்துக்கு இரண்டாவது பக்கத்தைக் கட்ட ஆரம்பித்தாள். கீழே மெஷின் கத்தியது. மேசை அதிர்ந்தது. இந்தத் தடவை டம்ளரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றவர் சித்தப்பா.