புது நேரம் பின்னர் அறிவிக்கப்படும்

அச்சகக்காரர் வீட்டு மூத்தவளுக்குச் சோறு போடுகிற ஆங்கிலச் சொற்கள் இரண்டே இரண்டு. ஒன்று டிலே, இன்னொன்று கேன்சல். மற்றபடி விமான நிலைய அறிவிப்பு அறையில் உட்கார்ந்து அவள் பேசுவதை யார் காது கொடுத்துக் கேட்கிறார்கள்? பெட்டியைப் பார்த்துக்கொள்ளுங்கள், குழந்தையைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள் என்று நாள் முழுக்கக் கரடியாகக் கத்தினாலும் ஒரு தலை திரும்பாது. இந்த இரண்டில் ஒரு சொல் வந்தால் போதும், மொத்தக் கூடமும் நிமிர்ந்து உட்காரும்.

ஒன்றுக்குத் தாமதம், மற்றதற்கு ரத்து என்று அகராதி சொல்லிவிட்டுப் போய்விடும். அகராதி எழுதியவர் அந்தக் கூடத்தில் ஒரு நாள் உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும். டிலே என்றால் ஆட்கள் உட்கார்ந்தபடியே இருப்பார்கள். பெட்டி உள்ளே போயிருக்கும். சாப்பிடப் போகவும் பயம், கழிப்பறைக்குப் போகவும் பயம், அந்த நேரம் பார்த்துக் கூப்பிட்டுவிட்டால் என்ன செய்வது என்று. கோபம் இருக்கும், ஆனாலும் அடக்கி வாசிப்பார்கள். கேன்சல் என்றால் ரகளைதான். கவுண்டரில் நிற்கும் பெண்ணின் ஏழு தலைமுறையையும் இழுப்பார்கள். ஆனால் கொஞ்ச நேரத்தில் சோம்பல் முறித்து எழுந்து, வீட்டுக்குப் போன் போட்டுவிட்டு, அவரவர் வழியைப் பார்த்துப் போய்விடுவார்கள். திட்டு வாங்கித் தருவது கேன்சல், ஆளைக் கட்டிப்போடுவது டிலே.

பழி போடுகிற விஷயத்திலும் இரண்டும் ஒன்றில்லை. டிலேயை யார் தலையில் வேண்டுமானாலும் கட்டலாம். மழை, இன்ஜின், எங்கோ ஓர் ஊரில் சோம்பலாகக் கிளம்பிய இன்னொரு விமானம், எதுவும் ஒத்துக்கொள்ளும். கேன்சலுக்கு அந்தச் சலுகை கிடையாது. சொன்னது யார் என்று முதல் கேள்வியே வரும். கம்பெனி சொன்னால் டிக்கெட் பணத்தைத் திருப்ப வேண்டும், தங்க அறை போட்டுத் தர வேண்டும். பயணியே முந்திக்கொண்டு சொன்னால் அவர் பணம் அவ்வளவுதான்.

டிலே சொல்வதற்கும் ஒரு முறை இருக்கிறது. டிலே என்று சொன்னால் புது நேரமும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நேரம் கைவசம் இல்லையென்றால், 'புது நேரம் பின்னர் அறிவிக்கப்படும்.' இந்த ஒரு வரியை உருகி உருகிச் சொல்வதில் மூத்தவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அவள் சொன்னால் காத்திருப்பதே ஒரு சுகம் என்று தோன்றும். அதற்காகவே விடுப்பு நாளில்கூட அவளைக் கூப்பிட்டு உட்கார வைப்பார்கள்.

இதே டிலே அவள் வீட்டுக்குள்ளும் வந்து சட்டமாக உட்கார்ந்திருந்தது. நிச்சயமான கல்யாணம். முதலில் ஒரு தேதி குறித்தார்கள். மாப்பிள்ளைக்கு வேலையில் இடமாற்றம் என்று தள்ளிப் போட்டார்கள். அடுத்த தேதிக்கு, வீட்டை இடித்துக் கட்டுகிறோம், கல்லும் மண்ணுமாகக் கிடக்கிறது என்றார்கள். மூன்றாவது தடவை காரணம் சொல்லக்கூட யாரும் மெனக்கெடவில்லை. மாப்பிள்ளையின் அம்மா போன் செய்து, "கொஞ்சம் டிலே ஆகுதும்மா, அவ்வளவுதான்" என்று சொல்லி, வெயில் அதிகமாக இருப்பதைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசிவிட்டு வைத்துவிட்டார்.

மூத்தவளின் அம்மா அந்த ஒரு சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். டிலேதானே சொன்னார்கள், வேண்டாம் என்றா சொன்னார்கள்? தள்ளிப்போவது வேறு, நின்று போவது வேறு என்று வீட்டில் ஒரு பாடமே நடத்தினார். விசாரித்து வருகிற போன்களுக்கும் அதே பதில்தான். அப்பா சின்னதாக ஒரு அச்சகம் வைத்திருந்தார். பெண்ணின் கல்யாணப் பத்திரிகையை வெளியில் கொடுக்காமல் அவரே ஆசை ஆசையாக அடித்தார், இரண்டு தடவை. முதல் தடவை அடித்ததன் பின்பக்கத்தில்தான் அம்மா இப்போது கடைச் சாமான் எழுதுகிறார்.

மூத்தவளுக்கு மாப்பிள்ளையைப் பிடித்திருந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. நிச்சயமான புதிதில், எந்த விமானத்துக்கும் டிக்கெட் இல்லாமல், நிலையத்தின் வாசல் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்து அவள் குரலைக் கேட்டுவிட்டுப் போனவன் அவன். அதை நினைத்து நினைத்தே அவள் இரண்டு தேதிகளைத் தாண்டிவிட்டாள். மூன்றாவதையும் தாண்டியிருப்பாள், ஷிஃப்ட் மேனேஜர் அன்று டீயும் பிஸ்கட்டுமாக அறைக்குள் வராமல் இருந்திருந்தால்.

அன்று மத்தியான விமானம் ஒன்று இன்ஜின் கோளாறில் நின்றுவிட்டது. முதலில் டிலே, புது நேரத்தோடு. மறுபடி டிலே, இன்னொரு நேரத்தோடு. மூன்றாவதாக வந்த அறிவிப்புச் சீட்டில் நேரம் இல்லை. கண்ணாடிக்கு வெளியே ஒருவர் பெரிய மரப் பொம்மை ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு, விமான நேரப் பலகையையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். இது இன்றைக்குக் கிளம்புமா என்று மூத்தவள் சும்மா கேட்டு வைத்தாள். எங்கே கிளம்புவது, மாற்ற வேண்டிய பாகமே நாளைக்குத்தான் வருகிறது என்றார் மேனேஜர்.

"அப்ப கேன்சல்னு சொல்லிடலாமே சார்?"

"நாம ஏம்மா சொல்லணும்?" மேனேஜர் பிஸ்கட்டை டீயில் நனைத்தார். "இன்னும் கொஞ்சம் இழுத்தா பாதிப் பேர் அவங்களே கேன்சல் பண்ணிட்டுப் போயிடுவாங்க. செலவு அவங்களோட. மிச்சம் இருக்கறவங்களுக்கு அப்புறமா சொல்லிக்கலாம்."

அவர் கெட்டவரில்லை. மேலிடத்து வழக்கத்தைச் சொன்னார், அவ்வளவுதான். மூத்தவளுக்கும் அது தெரியாத சங்கதி இல்லை, வருஷக்கணக்காக அந்த இழுத்தடிப்புக்குக் குரல் கொடுத்தவளே அவள்தான். ஆனால் அன்று மைக்கைத் திறந்து 'புது நேரம்' வரைக்கும் வந்தவளுக்கு மேலே நாக்கு எழவில்லை. வெயிலைப் பற்றிப் பேசிய அந்த அம்மாவின் குரல் காதுக்குள் வந்து நின்றது. மாப்பிள்ளை வீட்டார் தேடிக்கொண்டிருப்பது நல்ல தேதியை அல்ல. பெண் வீட்டார் பொறுமை இழந்து, அவர்களே வாயைத் திறந்து அந்தச் சொல்லைச் சொல்லட்டும் என்று உட்கார்ந்திருக்கிறார்கள். சொன்னால் பழி இந்தப் பக்கம், அவர்கள் கை சுத்தம். மேனேஜர் நிமிர்ந்து பார்த்ததும் இருமுவது போல இருமிவிட்டு, மிச்ச வரியைச் சொல்லி முடித்தாள். பொம்மைக்காரர் மறுபடி பலகையைப் பார்த்தார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது சாப்பாட்டு மேஜையில் ஒரு தாள் கிடந்தது. அப்பா அச்சகத்திலிருந்து கொண்டு வந்த மாதிரிப் பத்திரிகை. இந்தத் தடவை நல்ல கனமான தாள், தங்க நிற ஓரம். பெண் பெயர், மாப்பிள்ளை பெயர், மண்டபம் எல்லாம் இருந்தது. தேதி இருக்க வேண்டிய இடம் மட்டும் வெள்ளையாக இருந்தது. அவங்க சொன்னதும் போட்டுக்கலாம்னு விட்டிருக்கேன் என்றார் அப்பா, அவள் முகத்தைப் பார்க்காமல்.

அந்த வெள்ளை இடத்தைப் பார்த்ததும் அவளுக்கு அழுகையைவிட முதலில் ஆத்திரம் வந்தது. அப்பாவையும் தன்னைப் போலவே இழுத்தடிப்புக்குக் குரல் கொடுக்க வைத்துவிட்டார்களே என்று. போனை எடுத்தாள். யாருக்கு என்று தெரிந்ததும் அம்மா கையைப் பிடித்துக்கொண்டார். நாமே முந்திக்கொண்டு சொன்னால் ஊர் வாய் நம்மைத்தான் மெல்லும், பெண்ணுக்கு என்னவோ என்று பேசுவார்கள், மண்டபத்துக்குக் கொடுத்ததும் போகும், கொஞ்சம் பொறு என்று கெஞ்சினார். சொன்னதில் ஒன்றும் பொய்யில்லை. முதலில் சொல்கிறவர் தலையில்தான் எல்லாம் விழும், அந்தக் கணக்கு மூத்தவளுக்குத் தொழில்.

ஆனாலும் கையை விடுவித்துக்கொண்டு எண்ணை அழுத்தினாள். மாப்பிள்ளை எடுத்தான். சாப்பிட்டாயா என்று விசாரித்தான்.

"தேதி கேக்கத்தான் போன் பண்ணேன்" என்றாள்.

"அம்மா சொல்லியிருப்பாங்களே. கொஞ்சம் டிலே ஆகுது."

"டிலேன்னா புது நேரம் சொல்லணும். நான் அந்த வேலைதான் பாக்கறேன். ஒரு தேதி சொல்லுங்க. அடுத்த வருஷமா இருந்தாலும் பரவால்ல, காத்திருக்கறேன்."

அவள் அதை மனசாரத்தான் சொன்னாள். அந்த நிமிஷம் அவன் ஏதாவது ஒரு தேதியை வாய்க்கு வந்தபடி உளறியிருந்தால்கூட நம்பி, போனை வைத்துவிட்டு, அந்த வெள்ளை இடத்தில் எழுதியிருப்பாள்.

"இப்பவே எப்படிச் சொல்றது? பாக்கலாம்."

"அப்ப கேன்சல்னு சொல்லுங்க."

"நான் அப்படிச் சொல்லவே இல்லையே."

"சொல்லலதான். சொல்லவும் மாட்டீங்க. சரி, நான் சொல்றேன். இந்தக் கல்யாணம் வேணாம்."

போனில் ஒரு மூச்சு கேட்டது. நீளமாக, ரொம்ப நாளாக அடக்கி வைத்திருந்த மூச்சு. பிறகு, "உன் இஷ்டம். நீயாத்தான் சொல்ற, ஞாபகம் வச்சுக்க" என்றான்.

"ஆமா. நானாத்தான் சொல்றேன்" என்று சொல்லி வைத்தாள்.

அந்த மூச்சுதான் அவளை ஒரேயடியாக உடைத்துவிட்டது. அவன் திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள், ஒரு வார்த்தை கெஞ்சியிருந்தால் கரைந்திருப்பாள். அவனுக்கு நிம்மதியாக இருந்தது, அதை அவள் காதாலேயே கேட்டுவிட்டாள். குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். அழுது முடிந்த பிறகு பசித்தது. அவளுக்கே அது வெட்கமாக இருந்தது, ஆனாலும் பசித்தது. வெளியே வந்து தட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு பரிமாறினார். அப்பா மேஜையிலிருந்த மாதிரித் தாளை எடுத்து ஓரத்தை ஒரு தரம் தடவிப் பார்த்தார். நல்ல தாள், வீணாக்கக் கூடாது என்று முணுமுணுத்துவிட்டு, அதைக் குப்புறத் திருப்பி, அம்மா சாமான் எழுதுகிற தாள் கட்டோடு சேர்த்தார்.

அப்போது வீட்டுப் போன் அடித்தது. அந்த நேரத்துக்குப் பெரியம்மாதான், அம்மாவின் அக்கா. வாரம் தவறாமல் கூப்பிட்டுத் தேதி கேட்கிறவர். அம்மா புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார். நலம் விசாரித்தார். முட்டி வலிக்கு என்ன மருந்து என்று கேட்டுக்கொண்டார். கேள்வி வந்துவிட்டது என்பது அம்மா பேச்சை நிறுத்தியதிலேயே தெரிந்தது. மூத்தவள் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. தள்ளிப் போயிருக்கிறது என்ற பழைய பதிலுக்கு அவள் தயாராக இருந்தாள், இன்றைக்கு ஒரு நாள் அம்மா அதைச் சொல்லிக்கொள்ளட்டும் என்றுகூட நினைத்தாள்.

"கல்யாணமா? அது நின்னு போச்சுக்கா" என்றார் அம்மா.

அந்தப் பக்கம் பெரியம்மா என்னவோ நீளமாகக் கேட்டார். அம்மா மூத்தவளைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இல்லக்கா, தானா நிக்கல. நாங்கதான் நிறுத்திட்டோம்."