நீலம் கீழே இருக்க வேண்டும்

"யாரு இதை ஒட்டினது?"

இறந்த கணவரின் தலைமாட்டில் பார்வைக்கு வைத்திருந்த காகித விமானத்தைக் கையில் எடுத்தபடி அவள் கேட்டாள். கூடத்தில் பேச்சு அடங்கியது. நேற்றிலிருந்து அவள் வாய் திறக்கவில்லை, அழவுமில்லை. இப்போதாவது அழுதுவிடுவாள் என்று வந்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

மகன் எழுந்து வந்தான். "நான்தாம்மா. அப்பா பாதியில விட்டதை முடிச்சு வைக்கணும்னு தோணுச்சு. எங்க மேனேஜரே பாத்துட்டு அசந்துட்டார்."

முன்வரிசையில் இருந்த மேனேஜர் துக்கத்துக்கு உரிய அளவில் தலையசைத்தார்.

"அப்பாவுக்குள்ள ஒரு கலைஞன் இருந்திருக்கான் சார்" என்றான் மகன்.

போன மாதம்வரை இவன் அதற்கு வைத்திருந்த பெயர் 'கத்தரிக்கோல் விளையாட்டு'. முப்பத்தோராண்டுகள் லிப்ட் பழுதுபார்த்த மனிதர், ஓய்வுபெற்றபின் சாப்பாட்டு மேசையில் பாதியைப் பிடித்துக்கொண்டு, அச்சிட்ட தாள்களிலிருந்து நகக்கண் அளவுத் துண்டுகளை வெட்டி ஒட்டி விமானம் செய்ததை அவளும் திட்டியிருக்கிறாள். தட்டில் காகிதத் துணுக்கு கிடந்த நாள்களில் வஞ்சனையில்லாமல் திட்டியிருக்கிறாள். ஆனால், எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டேதான் திட்டினாள். பார்க்காமல் ஒருநாளும் திட்டியதில்லை.

விமானத்தின் முதுகு பச்சை, வயிறு வெளிர்நீலம். கீழிருந்து பார்ப்பவனுக்கு வானத்தோடு வானமாகத் தெரிவதற்கான நீலம் அது. மகன் இடது இறக்கையை வலப்பக்கத்திலும் வலது இறக்கையை இடப்பக்கத்திலும் ஒட்டியிருந்தான். பச்சை முதுகின் இருபுறமும் நீலம் மல்லாந்து கிடந்தது. நொடியில் பிடிக்கும் பசை கசிந்து, அவனுடைய கட்டைவிரல் ரேகையையும் பதித்து வைத்திருந்தது.

"அவர் ஏன் ஒட்டாம வெச்சிருந்தார், தெரியுமா?"

"நேரம் கெடைச்சிருக்காது..."

"நேரத்துக்கு என்ன குறைச்சல்? மூணு நாள் வெறுமனே சொருகிச் சொருகிப் பாப்பார். நாலாம் நாள்தான் பசையைத் தொடுவார். நேத்து ரெண்டாம் நாள்."

நேற்றுக் காலை, வலது இறக்கையைச் சொருகிப் பார்த்தவர், "ஒரு மயிரிழை தூக்கியிருக்கு" என்றார். அடுப்படியில் இருந்தவள் எட்டிக்கூடப் பார்க்காமல், "எல்லாம் சரியாத்தான் இருக்கும், மேசையை ஒழிங்க" என்றாள். தட்டோடு வந்தபோது அவர் தலை மேசைமேல் சாய்ந்திருந்தது. இறக்கை நசுங்காதபடி கை மட்டும் ஒதுங்கியிருந்தது.

"சரி, விடும்மா. யாரு பாக்கப்போறா? இன்னும் கொஞ்ச நேரத்துல அப்பாவோட போகப்போறதுதானே."

"அவரோட போகுதுங்கறதாலதான் கேக்கறேன். இதை அவர் செஞ்சார்னுதானே எல்லாரும் சொல்லுவாங்க?"

மேசை இழுப்பறையிலிருந்து பிளேடை எடுத்துவந்து தலைமாட்டில் உட்கார்ந்தாள். இரண்டு இறக்கைகளையும் அடியோடு அறுத்தாள். யாரோ பதறி, "ஐயோ" என்றார்கள். அறுத்த விளிம்பில் வெள்ளைக் காகிதம் தெரிந்தது. வெள்ளை தெரிந்தால் அவர் அன்று சரியாகச் சாப்பிடமாட்டார். அவருடைய மெல்லிய தூரிகையைப் பச்சையில் தோய்த்து விளிம்பை மறைத்தாள். பிறகு வெள்ளைப் பசையைக் குச்சிமுனையில் தொட்டுத் தடவினாள்.

வாசலில் வண்டி ஒலியெழுப்பியது.

"எவ்ளோ நேரம்மா ஆகும்?" மகனின் குரல் இறங்கியிருந்தது.

"ஒண்ணு காய இருபது நிமிஷம்" என்றாள், நிமிராமல். "ரெண்டு இருக்கு."

மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டார். மகன் வாசலுக்குப் போனான். வெளியே வண்டியின் இன்ஜின் அணைந்தது.

அவள் வலது இறக்கையை ஒரு மயிரிழை இறக்கிப் பிடித்தாள்.