இறக்கி வைக்காத மண்

ஒரு கை ஆட்டுக்கறிக்கா இத்தனை கூப்பாடு என்று யாராவது கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கறியா முக்கியம்? எங்கள் பாலோ ரப்பர் தோட்டத்தில் முனியாண்டி பூசையன்று கிடா வெட்டி, தலைக்கட்டுக்கு ஒரு கூறு என்று வாழையிலையில் வைப்பார்கள். கூறு வாங்குகிற வீடுதான் தோட்டத்து வீடு. வாங்காத வீட்டில் நல்லது நடந்தால் ஆள் வராது; சாவு விழுந்தால் தூக்கத் தோள் வராது. என் மூத்தவள் இன்றைக்கோ நாளைக்கோ பெரியமனுஷியாகிற வயதில் நிற்கிறாள். அவளுக்குத் தண்ணீர் ஊற்ற நான் யாரைப் போய்க் கூப்பிடுவேன்?

ரப்பர் விலை விழுந்தபோது எங்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பினார்கள். துரை பெயரை வாசித்தார், போனோம். எங்களைக் கேட்டா செய்தார்கள்? மூன்று வருஷம் கழித்து விலை ஏறியது, ஆள் வேண்டும் என்றார்கள். திரும்பினோம். பிள்ளைகள் இரண்டும் இங்கே பிறந்தவை. 'நம்ம வீட்டுக்குப் போறோம்' என்று கப்பல் முழுக்கக் குதித்துக்கொண்டு வந்தன. வந்து பார்த்தால் நம் வீட்டு வாசலில் வேறு யாரோ துணி காயப்போட்டிருந்தார்கள். எங்களுக்கு மாட்டுக்கொட்டகைக்குப் பக்கத்தில், கடைசி லயத்தில் ஒரு அறை. எங்கள் மரங்களை வேறு ஆட்கள் சீவினார்கள்; என் புருஷன் அய்யாவு புல் வெட்டப் போனார்.

அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். அங்கே ஊரில் எங்களை 'அக்கரைக்காரங்க' என்றார்கள். இங்கே குழாயடிக்குக் குடத்தோடு போனால் கிருஷ்ணம்மா, "ஊர்க்காரங்க வர்றாங்க, வழி விடுங்கடி" என்கிறாள். முன்பு என் பக்கத்து வீட்டுக்காரி, என் பிரசவத்துக்கு வந்து உட்கார்ந்திருந்தவள். அவளுக்கு என் மேல் என்ன ஆத்திரம் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

பூசையன்று விளங்கியது. கூறு போடுவது காளியப்பன் அண்ணன். விலை விழுந்த காலத்தில் அரைச் சம்பளத்துக்கு இங்கேயே கிடந்து, மரவள்ளிக்கிழங்கைத் தின்று, முனியாண்டிக்கு விளக்கு அணையாமல் பார்த்துக்கொண்டவர் அவர். இலைகள் வரிசையாகக் கிடந்தன. ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். எங்கள் பெயர் வரவேயில்லை.

"அண்ணே, எங்க எலை?" என்றார் அய்யாவு.

"ஒனக்கு ஏதுப்பா எலை? போறப்ப பிடிமண்ணு எடுத்துக்கிட்டுத்தானே போன? பிடிமண்ணு எடுத்தவன் தனிக்கோயில்காரன். அவனுக்கு இங்க வரியும் கெடையாது, கூறும் கெடையாது."

உண்மைதான். சாமியின் காலடியில் ஒரு பிடி மண்ணை எடுத்துப்போய் வேறு இடத்தில் வைத்து மேடை எழுப்பினால் அது புதுக்கோயில். எடுத்தவர் பழைய கோயிலிலிருந்து பிரிந்தவர். கப்பலுக்குப் போகிற அன்று, சாமியை விட்டுப் போக மனசில்லாமல், அழுதுகொண்டே அந்த மண்ணை மஞ்சள் துணியில் முடிந்தார் இந்த மனுஷன். பிரிகிற எண்ணம் யாருக்கு இருந்தது?

"அதான் ஊர்ல மேடை கட்டி, செவ்வா வெள்ளி வெளக்குப் போடறேன்னு நீயே சொன்னியே!" என்றார் காளியப்பன்.

சொன்னார்தான். வந்த அன்றைக்கே தேநீர்க்கடையில் உட்கார்ந்து எல்லாரிடமும் பெருமையடித்தார். இப்போது தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறார். என் கண்ணைப் பார்த்தவர், வேண்டாம் என்று தலையசைத்தார். கூறு போனாலும் போகட்டும், ஊரில் நடந்த அந்தக் கதை வெளியே வரக்கூடாது அவருக்கு.

வாயை மூடிக்கொண்டிருக்கத் தெரிந்தால் நான் ஏன் சந்திரமதி? லயத்துக்கு ஓடினேன். தகரப்பெட்டியில் சேலைகளுக்கு அடியில் கிடந்த மஞ்சள் முடிச்சை எடுத்துக்கொண்டு வந்து, ஆம்பிளைகள் நடுவில் போய் நின்றேன்.

"மேடையும் கட்டல, ஒண்ணும் கட்டல! இந்தா இருக்கு மண்ணு, முடிச்சுக்கூட அவுக்கல. எவன் காட்டுப் பேயையோ எங்க நெலத்துல எறக்காதேன்னு இவரு கூடப் பொறந்தவங்களே வெரட்டுனாங்க. ஒரு சாண் எடம் குடுக்கல. நாங்க படுத்ததே மாட்டுக்காடியோரம். சாமிக்கு எங்க போய் எடம் தேடுறது?"

"அலமாக்!" என்று யாரோ மலாயில் வாய்பிளந்தது கேட்டது.

அய்யாவுவின் முகம் கறுத்துப்போயிற்று. அடிப்பாரோ என்று நினைத்தேன். வந்து முடிச்சைக் கையில் வாங்கிக்கொண்டார்.

"ஆமாண்ணே. கேட்டுப் பாத்தேன். கால்ல விழுந்தும் கேட்டேன்."

காளியப்பன் கத்தியைக் கீழே வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். "அடப்பாவி! நாங்க இங்க கெழங்கத் தின்னுக்கிட்டு, நீங்க அங்க சொந்தபந்தத்தோட நெல்லுச்சோறு திம்பீங்கன்னு வயிறெரிஞ்சு கெடந்தோமேடா."

கிருஷ்ணம்மா என்னைப் பார்க்காமல் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"எடுத்த எடத்துலயே போடு. ஒங் கையாலயே போடு," என்றார் காளியப்பன். அய்யாவு முடிச்சை அவிழ்த்து மண்ணைக் கொட்டினார். அது கீழே இருந்த மண்ணோடு கலந்து, எது எங்கள் மண் என்றே தெரியாமல் போய்விட்டது.

ஆனால் கிடா முழுக்கப் பங்கு போட்டாகிவிட்டதே! காளியப்பன் ஒரு துண்டுகூட மிச்சம் வைக்கவில்லை. எழுந்து புது இலை ஒன்றைக் கிழித்தார். வரிசையாகப் போய் ஒவ்வொரு இலையிலிருந்தும் ஒரு துண்டு எடுத்து அதில் வைத்தார். கிருஷ்ணம்மா மட்டும் தன் இலைக்கு வந்ததும் கையை நீட்டி மறித்தாள்.

"எலும்ப எடுங்கண்ணே, ஈரலத் தொடாதீங்க," என்றாள். என்னைக் கேட்டால், அன்றைக்கு அந்தத் தோட்டத்தில் என் காதில் விழுந்த நல்ல வார்த்தை அதுதான்; பழைய பக்கத்து வீட்டுக்காரியின் உரிமைச் சண்டை.

குழம்பு கொதிக்கிறவரை அய்யாவு வெறும் மஞ்சள் துணியை மடியில் போட்டுத் தடவிக்கொண்டே இருந்தார். சோறு போட்டு வைத்த பிறகுதான் வாய் திறந்தார்.

"எங்கண்ணந்தம்பிய நாலு பேரு முன்னால இப்படி நாறடிச்சிட்டியே புள்ள. இனிமே நான் எந்த மொகத்தோட ஊருக்குப் போவேன்?"

"எந்த ஊருக்கு?" என்றேன்.

என்னைப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் குழம்புக்குத் தட்டை நீட்டினார்.