அத்தான் சொல்லாத வரி

எங்கள் லுத்தரன் சபையில் போதகரைப் பெட்டி கட்டவைத்துவிட்டுத் தானே பீடத்தில் ஏறியவர் என் அத்தான், அக்காவின் கணவர். குழாய் வேலை செய்பவர், சபைச் செயலாளர். விசுவாசிகள் எல்லாருமே ஆசாரியர்கள்தான், இதற்கென்று தனியாக ஒருவர் எதற்கு என்று கூட்டத்தில் மேசையைத் தட்டி முழங்கினார். போதகர் வாயில்லாப் பூச்சி. பேசாமல் பக்கத்து ஊர்ச் சபைக்குப் போய்விட்டார். அத்தானுக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த வருஷமே அக்காவுக்கு வயிற்றில் புற்றுநோய் என்றார்கள். ஆஸ்பத்திரியில் கைவிரித்ததும் வீட்டுக்குக் கொண்டுவந்து முன்னறையில் கட்டில் போட்டோம். கூட இருந்து பார்த்துக்கொண்டது நான். அவள் வலிக்கு மருந்து கேட்கவில்லை, போதகரைத்தான் கேட்டாள். பாவ அறிக்கை செய்து அவர் வாயால் மன்னிப்பைக் கேட்டுவிட்டால் நிம்மதியாகக் கண்ணை மூடுவேன் என்றாள்.

வேறு சபைப் போதகர் எங்களிடம் வருவதென்றால் செயலாளர் அழைக்க வேண்டும். அத்தான் அழைக்கவில்லை. அழைத்தால் சபையார் முகத்தில் எப்படி விழிப்பது என்ற கவலை அவருக்கு. சாகக் கிடக்கிறவளிடம் வியாக்கியானம் பேசினார். மன்னிப்பை அறிவிக்க அங்கி தேவையில்லை, எந்த விசுவாசியும் அறிவிக்கலாம், நானே சொல்கிறேன் என்றார். சொன்னது தப்பில்லை, சிறுவயதில் சபையில் நடந்த திடப்படுத்தல் வகுப்பில் நாங்களும் அதைத்தான் படித்தோம். இருந்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கெஞ்சி ஓய்ந்துபோன அக்கா ஒரு மத்தியானம், "சரி, நீங்களே உக்காருங்க" என்றாள். அத்தான் கையில் ஒட்டியிருந்த குழாய்ப் பசையைத் தேய்த்துக் கழுவி, வெள்ளைச் சட்டை மாட்டிக்கொண்டு, ஆராதனைப் புத்தகத்துடன் வந்து உட்கார்ந்தார். நான் எழுந்தேன். அக்கா என் கையை விடவில்லை.

"நம்ம பொண்ணு பிடிச்சவனக் கட்டிக்கிட்டான்னு கதவச் சாத்தினீங்களே, அன்னையிலேருந்து உங்கள வெறுத்தேன். சாப்பாடு போட்டுக்கிட்டே வெறுத்தேன். பக்கத்துல படுத்துக்கிட்டே வெறுத்தேன். இதுதாங்க என் பாவம்."

அடுத்தது ஒரே ஒரு வரி. உன் பாவங்கள் உனக்கு மன்னிக்கப்பட்டன என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அத்தான் புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், அவளைப் பார்க்கவில்லை. பிறகு அதை மூடி வைத்துவிட்டு, போதகருக்குப் போன் செய்வதாகச் சொல்லி வெளியே போனார்.

நானும் விசுவாசிதானே. அவள் காதருகே குனிந்து அந்த வரியைச் சொன்னேன்.

"நீ சொல்லிட்ட," என்றாள். "அவர் சொல்லலியேடி."

அதன் பிறகு வாசலையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். போதகர் வந்து சேர்ந்தபோது அந்தக் கண்களை மூடிவிடும் வேலைதான் அவருக்கு மிச்சமிருந்தது.

அடுத்த ஞாயிறும் அத்தான்தான் ஆராதனை நடத்தினார். சபை எழுந்து பாவ அறிக்கை செய்து முடித்ததும், நிமிர்ந்து எங்களைப் பார்த்து, உங்கள் பாவங்கள் உங்களுக்கு மன்னிக்கப்பட்டன என்று கணீரென்று சொன்னார். குரல் எங்கேயும் தடுக்கவில்லை. எல்லாரும் ஆமென் சொன்னார்கள். நான் வாயைத் திறக்கவில்லை.