ஏழாவது கோட்டைக்கு வாசல்

பதினோராவது ஞாயிற்றுக்கிழமையும் கமலக்கண்ணன் மேசையைத் துடைத்துப் போட்டான். மூன்று நாற்காலி, மூன்று டம்ளர், ஒரு பாக்கெட் மிக்சர், நடுவில் இருபது முகம் உள்ள பகடைக் கட்டை. பத்தரைக்கு ராஜேஷிடமிருந்து மெசேஜ் வந்தது: ‘ஷிப்ட்ட மாத்திட்டானுங்க மச்சி. நெக்ஸ்ட் வீக் பக்கா.’ பதினொன்றுக்குத் துர்கா: ‘பாப்பாவுக்குச் சளி. சாரி டைரக்டரே.’ போன வாரமும் பாப்பாவுக்குச் சளிதான். அதற்கு முந்தின வாரம் மாமியாருக்கு. வந்தவாசியில் அப்படி என்னதான் காற்றோ, ஒரு குடும்பத்தையே விடாமல் பிடித்து ஆட்டுகிறது! கமலக்கண்ணன் ‘ஓகே ஓகே’ என்று இரண்டு பேருக்கும் போட்டுவிட்டு மிக்சரை அவனே பிரித்தான்.

கோபம் வர வேண்டாமா ஒரு மனுஷனுக்கு? அவனுக்கு வரவில்லை. எனக்குத்தான் வருகிறது. முப்பத்து மூன்று வயசு, ஆரணியில் பட்டுப்புடவைக்கு டிசைன் போடுகிற வேலை, வீட்டில் அவன் ஒருத்தன்தான். வாரத்தில் ஆறு நாள் கம்ப்யூட்டரோடு பேசுவான். ஏழாவது நாள்தான் மனுஷக் குரல் கேட்கும். அந்த ஏழாவது நாளும் இப்போது போயிற்று.

அவர்கள் ஆடுவது என்னவென்று கேட்டால் ஊரில் யாருக்கும் புரியாது. ஒருவன் கதை சொல்வான். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு வேஷத்தில் இறங்கி நடப்பார்கள். எதிரே பள்ளம் என்று அவன் சொன்னால், தாண்டுவதா சுற்றிப் போவதா என்று இவர்கள் சொல்ல வேண்டும். தாண்ட முடிந்ததா, விழுந்தார்களா என்பதைக் கட்டை சொல்லும், பெரிய எண் விழுந்தால் ஜெயம். கதை சொல்கிறவன் கமலக்கண்ணன். கதை அவனுக்குச் சினிமாவிலிருந்து வரும், அதனால் அவன் டைரக்டர்.

எல்லாப் படமும் இல்லை. மாயாஜாலப் படம் மட்டும். சின்ன வயசில் ஞாயிற்றுக்கிழமை மதியம் டிவியில் போடுவார்களே, மந்திரவாதி, பாதாளக் கோட்டை, பறக்கும் பாய் என்று, அந்தப் பழைய படங்கள். பிறகு வெளிநாட்டு டப்பிங் படங்கள். நெருப்பு கக்குகிற பறக்கும் பாம்பு ‘இன்னா நைனா’ என்று சென்னைத் தமிழில் மிரட்டும், மூன்று பேரும் தரையில் உருண்டு சிரிப்பார்கள். படம் முடிந்ததும் கமலக்கண்ணன் ஒரு நோட்டில் எழுதுவான். படத்தில் இருந்ததை இல்லை, இல்லாததை. ‘ராஜகுமாரனை அக்கரை சேர்த்த ஓடக்காரன் அப்புறம் எப்படித் திரும்பிப் போனான்?’ அந்த ஒரு வரியை வைத்து ஆறு வாரம் ஆடினார்கள். ‘படத்துல ஹீரோவுக்கு ஒரே வழிதான்டா. நமக்கு அவன் போகாத வழியெல்லாம் கீது’ என்பான்.

ஒரு தடவை, காவல் காக்கிற இடத்தில் தூங்கும் ராட்சசன். எந்தப் படத்திலும் ஹீரோ அவனை நுனிக்காலில் தாண்டிப் போவான். ராஜேஷ் என்ன செய்தான் தெரியுமா? ராட்சசனைத் தட்டி எழுப்பி, “சாப்ட்டியாண்ணா?” என்று கேட்டான். கட்டையை உருட்டினான், பத்தொன்பது. வேறு வழி? கமலக்கண்ணன் ராட்சசனை அழ வைத்தான். “முந்நூறு வருஷமா காவல் காக்கறேன், யாரும் கேக்கலப்பா” என்று ராட்சசன் தேம்பினான். துர்காவுக்கு நிஜமாகவே கண் கலங்கிவிட்டது. அதன் பிறகு எந்தக் கதையிலும் அந்த ராட்சசன் அவர்களோடேயே வந்தான்.

கடைசியாகப் போட்ட கதை ஏழு கோட்டை. ஒன்றுக்குள் ஒன்றாக ஏழு மதில், ஏழாவது மதிலுக்குள் ஓர் அறை, அதற்குள் இருப்பது மந்திரவாதி என்று கமலக்கண்ணனுக்கு மட்டும் தெரியும். ஆறு கோட்டையைத் தாண்ட இரண்டு வருஷம் ஆயிற்று. ஏழாவதற்கு வாசல் இல்லை. ராஜேஷும் துர்காவும் அதைத் தட்டிப் பார்த்தார்கள், தோண்டிப் பார்த்தார்கள், ராட்சசனை விட்டு முட்டவும் வைத்தார்கள். “வழி இன்னா டைரக்டரே, சொல்லித் தொலையேன்!” என்பாள் துர்கா. அவன் சிரித்துக்கொண்டிருப்பான்.

வழி அவனுக்கே தெரியாது, அதுதான் சமாசாரம். உள்ளே போய்விட்டால் கதை முடிந்துவிடும். முடிந்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமை யார் வருவார்கள்? அந்தப் பயத்தில்தான் அவன் வாசலே வைக்கவில்லை. அப்புறம் துர்கா கல்யாணமாகி வந்தவாசி போனாள், குழந்தையும் பிறந்தது. ராஜேஷுக்குச் செய்யார் கம்பெனியில் வேலை கிடைத்து, அங்கேயே ரூம் எடுத்துக்கொண்டான். வருவது குறைந்து குறைந்து, வாசலைக் காணாமலேயே ஆட்டம் நின்றுவிட்டது, பாவம்.

மறுநாள் திங்கட்கிழமை, முதலாளி தனக்கோடி கூப்பிட்டனுப்பினார். முன்னால் ஒரு புடவை விரித்துக் கிடந்தது. அரக்குச் சிவப்பு, தறியிலிருந்து வந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

“கண்ணா, நான் கேட்டது கோபுரம். இது இன்னாய்யா, முனிசிபாலிட்டி ட்ரெயினேஜ் பிளானா?”

கமலக்கண்ணன் குனிந்து பார்த்தான். கரை நெடுக ஜரிகையில் அவனுடைய ஏழு கோட்டை, திரும்பத் திரும்ப.

நடந்தது இதுதான். புடவை டிசைனும் கட்டம் கட்டமாகத்தான் போடுவது, கோட்டை வரைபடமும் அப்படித்தான். இரண்டையும் அவன் ஒரே கம்ப்யூட்டரில் வரைவான். பெயர் வைக்கிற சோம்பேறித்தனத்தில் கோபுரம் ஏழாம் நம்பருக்கும் ‘கோ-7’, கோட்டை ஏழுக்கும் ‘கோ-7’. தறிக்கு டிசைன் அட்டை அடிக்கிற கடைக்குப் பென் டிரைவில் எது போயிற்று என்று அவன் பார்க்கவில்லை. கடைக்காரன் அதை அட்டையில் ஓட்டை ஓட்டையாக அடித்து, சேவூரில் தறிக்குக் கொடுத்துவிட்டான்.

“கல்யாணப் பொண்ணு இதக் கட்டிகினு மணவறையில உக்காரணுமா? பேஜார் பண்ணாத. ஜல்தியா போயி தறிய நிறுத்தி அட்டைய எடுத்துகினு வா” என்றார் தனக்கோடி.

“சரிங்க முதலாளி” என்றான். ஆனால் கண் கரையை விட்டு நகரவில்லை. ஏழாவது மதிலின் கீழ்ப்பக்கம் ஜரிகை கொஞ்சம் விட்டுப்போய், சிவப்புப் பட்டு மட்டும் தெரிந்தது. நான்கு கட்டம் அகலம். அடுத்த கோட்டையைப் பார்த்தான், அதிலும் நான்கு. புடவை முழுக்கப் புரட்டினான். எல்லாவற்றிலும் அதே இடம், அதே அளவு. அவன் வைக்காத வாசல்.

சேவூரில் அந்தத் தறி அபிதகுசாம்பாளுடையது. நாற்பத்தைந்து வயசிருக்கும், வாயும் கையும் ஒரே வேகத்தில் ஓடுகிற பொம்பளை. அவன் வண்டியை நிறுத்தும்போதே தறியிலிருந்து குரல் வந்தது.

“டிசைன் போட்ட தம்பி நீதானா? நல்லா போட்ட போ! கண்ணு பூத்துப்போச்சி எனக்கு.”

“அக்கா, தப்பு என்னுதுதான். அட்டை மாறிடுச்சி. ஆனா இந்த எடத்துல...” அவன் போனில் எடுத்து வந்த படத்தைக் காட்டினான். “இது நான் போட்டதில்லக்கா. இது எப்டி வந்துது?”

அவள் எட்டிப் பார்த்துவிட்டு, “அதுவா? நான்தான் அடைச்சேன்” என்றாள் சாதாரணமாக. “நாலு அட்டையில ஓட்டைக்குக் காகிதம் ஒட்டிட்டேன். அட்டையில ஓட்டைய அடைச்சா அந்த எடத்துல ஜரிகை ஏறாது, வழி வுட்டுரும்.”

“ஏன்க்கா?”

“ஏன்னா? எல்லாச் சொவுத்துக்கும் வாசல் கீது, உள்ள இருக்கறதுக்கு மட்டும் இல்ல. நீ மறந்துட்டன்னு நெனச்சேன். நடுவுல ஒருத்தன் குந்திகினு கீறான் பாரு.” மூன்று புள்ளி. தலை, உடம்பு, மடக்கிய கால். வரைபடத்தில் அடையாளத்துக்காக அவன் வைத்த மந்திரவாதி. “அவன் எப்டி வெளிய வருவான்? ஒரு பொடவைக்கு நாப்பது தடவ வந்து குந்தறான் தம்பி. ஒவ்வொரு தடவையும் நான் அவன உள்ள வெச்சுப் பூசிகினே போறதா? எனக்கு மனசு கேக்கல.”

அவன் போனில் அந்த மூன்று புள்ளியைப் பெரிதாக்கிப் பார்த்தான். இரண்டு வருஷமாக உள்ளே எப்படிப் போவது என்றுதானே எல்லோரும் கேட்டார்கள்? வெளியே எப்படி வருவான் என்று யார் கேட்டது? ஒரு முன்பின் தெரியாத பொம்பளை, தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டுக்கொண்டு, பசை தடவிக் காகிதம் ஒட்டி, அவனுக்கு வழி விட்டிருக்கிறாள்.

“மோர் குடிக்கிறியா?” என்றாள் அவள். குடித்தான். அட்டைகளை வண்டியில் வைத்துக் கட்டிக்கொண்டு வந்துவிட்டான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் மேசையைத் துடைக்கவில்லை. மெசேஜும் பார்க்கவில்லை. குளித்ததும் கட்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு செய்யார் பஸ் ஏறினான். ராஜேஷுக்கு ஷிப்ட் இரண்டு மணிக்கு முடியும். இவன் பத்தரைக்கே போய்க் கம்பெனி கேட்டுக்கு எதிரே மதகுச் சுவரில் உட்கார்ந்துவிட்டான். வெயில் சுள்ளென்று அடித்தது. வாட்ச்மேன் இரண்டு தடவை, “யாரு வேணும்?” என்று கேட்டான். “ஃப்ரெண்டுங்க” என்றான். சொல்லும்போதே அது பொய்யாகிவிடுமோ என்று பயமாக இருந்தது.

இரண்டேகாலுக்குக் கும்பலாக வந்தார்கள். நீலச் சட்டை, கழுத்தில் கார்டு, எல்லா முகமும் ஒரே களைப்பு. ராஜேஷ் இளைத்திருந்தான். ரூமுக்குப் போகும் கம்பெனி பஸ்ஸின் படியில் காலை வைத்த பிறகுதான் இவனைப் பார்த்தான்.

“டேய்! நீ இன்னாடா இங்க? ஊர்ல யாருக்கானா ஏதாச்சும் ஆச்சா?”

“ஒண்ணும் ஆவல. வாசல் கெடைச்சிடுச்சிடா.”

“எந்த வாசல்?”

கேட்டானே ஒரு கேள்வி! பின்னால் இருந்தவர்கள் ராஜேஷை இடித்துக்கொண்டு ஏறினார்கள். டிரைவர் ஹாரன் அடித்தார். ராஜேஷும் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தான். ஒரு நிமிஷம் போயிருக்கும், அவன் தலை வெளியே நீண்டது.

“ஏழாவது கோட்டையா?”

“ஆமாண்டா.”

“ஐயோ, ஆமால்ல! உள்ள யாருடா இருந்தான்? ரெண்டு வருஷம் செவுரு செவுரா தட்டிகினு இருந்தோம், உள்ள யாருன்னு ஒரு தடவகூட உன்னைக் கேக்கலியே!”

பஸ் உறுமியது. கமலக்கண்ணன் ஜன்னலை அண்ணாந்து பார்த்தான். மந்திரவாதி என்று சொல்லத்தான் நினைத்தான்.

“நான்தான்டா” என்றான்.

ராஜேஷ் அவனையே பார்த்தான். பிறகு டிபன் பையை எடுத்துக்கொண்டு எழுந்து, “நீங்க கெளம்புங்கண்ணா” என்று டிரைவரிடம் சொல்லிவிட்டு இறங்கினான். பஸ் போனது. இரண்டு பேரும் மதகுச் சுவரில் உட்கார்ந்தார்கள். கமலக்கண்ணன் பையிலிருந்து கட்டையை எடுத்து நடுவில் வைத்தான்.

“சரி, நான் வாசல் வழியா உள்ள போறேன்” என்றான் ராஜேஷ். “கத்தியெல்லாம் எடுக்கல. அவன் எதிர்ல போயி குந்தறேன். கேக்கறேன்.”

“இன்னா கேக்கற?”

“சாப்ட்டியாடா?”

கமலக்கண்ணன் தலை குனிந்துகொண்டான். ராஜேஷ் கட்டையைக் கையில் எடுத்து, “உருட்டணுமா?” என்றான்.

“வேணாம். இதுக்கு உருட்ட வேணாம்.”

கமலக்கண்ணன் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை.