பைக்கற்றில் ஐயாவின் படம்

சுபாஸ்கரன் ஒலிவாங்கியை எடுத்தபோது, கேதீஸ்வரி சவப்பெட்டிக்குள் குனிந்து தகப்பனின் நெற்றியில் கலைந்திருந்த திருநீற்றைச் சரிசெய்துகொண்டிருந்தாள். கிரியை முடிந்துவிட்டது. இரங்கலுரைகளும் முடிந்தால் தூக்கவேண்டியதுதான்.

"அமரர் கந்தப்பு அவர்கள் எங்கள் மிளகாய்த்தூள் கொம்பனியின் பெருமை" என்று அவன் தொடங்கினான். "ஒரு பைக்கற் தூளுக்காக எவ்வளவு காபன் காற்றில் கலக்கிறது என்று தோட்டம் தோட்டமாக அளந்தோம். மிகக் குறைந்த அளவு இவருடைய தோட்டத்தில்தான். பூமிக்குப் பாரமில்லாமல் வாழ்ந்த மனிதர். இனி லண்டன் கடைகளுக்குப் போகும் பைக்கற்றில், அந்த அளவுக்குப் பக்கத்தில் இவருடைய படம் இருக்கும்."

பந்தலுக்குள் சிலர் தலையாட்டினார்கள். கேதீஸ்வரி நிமிர்ந்தாள்.

போன வருடம் இதே சுபாஸ்கரன்தான் தோட்டத்துக்கு வந்து, மண்ணெண்ணெயில் ஓடும் இறைப்பு மிசினைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான். அது எரிக்கும் எண்ணெய் காபன் கணக்கில் ஏறுமாம். சூரிய மோட்டர் வரும்வரை கையால் இறைக்கச் சொன்னான்; கணக்குக் குறைந்தால் பைக்கற்றில் படம் வரும் என்றான். மோட்டர் வரவேயில்லை. ஐயா கப்பியில் கயிறு போட்டு, வாளி வாளியாக அள்ளிக் கன்றுகளுக்கு ஊற்றினார். "என்ரை மூஞ்சி லண்டனிலை தொங்கப்போகுது, பிள்ளை. கொம்மாவைப் பக்கத்திலை நிக்கவேண்டாமெண்டு சொல்லு, படம் பழுதாப்போகும்" என்று மூச்சு வாங்க வாங்கப் பகிடி விட்டார். நேற்றுக் காலை கிணற்றுக்கட்டிலேயே சரிந்தார்.

"தம்பி, ஒண்டு கேக்கலாமோ?"

"பிறகு கதைப்பம் அக்கா."

"பிறகு ஐயா இருக்கமாட்டார். மிசின் குடிக்கிற எண்ணெயை எழுதுறியள். ஐயா இழுத்த தண்ணிக்கு என்ன எழுதினியள்?"

அவன் ஒலிவாங்கியைக் கீழே வைக்க மறந்துவிட்டான்.

"மனிசற்றை உழைப்பைச் சேக்கிறேல்லை அக்கா. எங்களுக்குத் தந்த முறை அதுதான். அதுக்குப் பூச்சியம்."

அந்தப் பூச்சியம் ஒலிபெருக்கியில் ஒழுங்கை முனைவரை கேட்டது. வெற்றிலைத் தட்டத்துக்கு நீண்ட கைகள்கூட நின்றுபோயின.

பெட்டியின் தலைமாட்டில் நின்ற சித்தப்பா பொன்னம்பலம் தோளிலிருந்த துவாயை உதறினார். "எடேய், எரிச்சாத்தானே உன்ரை கணக்கு ஏறும்? இண்டைக்கு என்ரை அண்ணையை எரிக்கப்போறம். அதையும் எழுது!"



"ஐயாவின்ரை படம் பைக்கற்றிலை வரப்படாது" என்றாள் கேதீஸ்வரி.

"அச்சுக்குக் குடுத்தாச்சு அக்கா..."

"கிழிச்சுப்போட்டு வேறை அடியுங்கோ. ஒரு மனிசன்ரை உயிர் போயிருக்கு. பாரமில்லையாம்! தூக்கிப் பாருங்கோவன், தெரியும்."

அவன் பெட்டியைப் பார்த்தான். பெட்டியின் காலடியில் இருந்த கேதீஸ்வரியின் அம்மாவைப் பார்த்தான். கடைசியில், ஒலிவாங்கி இல்லாமல், "ஓம் அக்கா. நிப்பாட்டுறன்" என்றான்.

பறை எழுந்தது. தோள் கொடுக்க வந்த அவனுடைய கையைப் பொன்னம்பலம் விலக்கினார். "நீ நில்லு."

பெட்டி ஒழுங்கையில் இறங்கியது. பெண்கள் வாசல் படலைவரை ஓடி, அழுது, அங்கேயே நின்றார்கள். அதற்கப்பால் ஆண்கள்தான் போவார்கள். பெண்களுக்கு நடுவே சுபாஸ்கரன் ஒருவன் மட்டும் நின்றான். செத்தவீட்டில் "போட்டு வாறன்" என்று விடை சொல்ல முடியாது. சொல்லாமல் போகவும் அவனுக்குக் கால் எழவில்லை.

கேதீஸ்வரி ஒரு வாளியைக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள்.

"வீடு கழுவவேணும்."

அவன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனான். அவன் அள்ளிவந்த முதல் வாளியைக் கேதீஸ்வரி பெட்டி இருந்த இடத்தில் ஊற்றினாள். பூவும் அரிசியும் முற்றத்துக்கு ஓடின. இரண்டாவது வாளி. மூன்றாவது. அவனுடைய சட்டை முதுகோடு ஒட்டியது. மூச்சு விறாந்தைவரை கேட்டது.

"காணும் பிள்ளை, விடு" என்றாள் அம்மா.

கேதீஸ்வரி வெறும் வாளியை மறுபடியும் அவனிடம் நீட்டினாள்.